சுவரில் எழுதியிருந்த வியாதி

மூன்று டம்ளர் டீயும் ஆறி ஏடு கட்டிவிட்டது. வந்தவர்கள் யாரும் தொடவில்லை.

செஞ்சியில் எங்கள் வீட்டு முன்னறை சின்னது. கட்டிலில் நான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று பேர். வல்லத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த என் மாமனார், மாமியார், மாமனாரின் தம்பி ஏழுமலை. என் அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி ரேவதி உள்ளே இருந்தாள். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று தெரிந்தது.

பெண் கொடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டில் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள்.

மாமனார் மழையைப் பற்றிப் பேசினார். கடலைக்கு மருந்தடித்ததைப் பற்றிப் பேசினார். பிறகு பேச எதுவும் இல்லாமல் தம்பியைப் பார்த்தார். ஏழுமலை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மாப்ள, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. ஊர்ல ஒண்ணு பேசிக்கிறாங்க. உங்களுக்கு நரம்புத் தளர்ச்சியாமே. நெசமா?"

அவர் எந்த அர்த்தத்தில் கேட்கிறார் என்று அந்த அறையில் என் அம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவர் கேட்டது எனக்கு இல்லாத வியாதி. இருக்கிற வியாதியின் பெயரையோ நான் இன்னும் தட்டுத் தடுமாறித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆமா மாமா. நெசந்தான்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அது. ஏன் சொன்னேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சிவப்பு டேப்

என் பிழைப்பைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். திருவண்ணாமலை ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை. தளவானூர், பனமலை என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து எரிந்துபோன கிணற்று மோட்டாரை வண்டியில் கட்டிக்கொண்டு வருவார்கள். கருகின காயிலை வெட்டி எடுத்துவிட்டு, எனாமல் பூசிய புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பேன். கண்ணும் விரலும் ஒத்துழைத்தால் போதும். வேறு மூலதனம் கிடையாது.

ஒரு சித்திரை மாதம், வலது கண்ணை உருட்டினால் உள்ளுக்குள் வலித்தது. தூசி விழுந்திருக்கும் என்று தண்ணீர் அடித்தேன். மேஜை மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒன்று கிடந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அது வெளுத்த செங்கல் நிறத்தில் இருந்தது. வலது கண்ணை மூடினால் நல்ல சிவப்பு. ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்துகொண்டு மாற்றி மாற்றிக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைக்காரர் நான் யாருக்கோ கண் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

விழுப்புரத்தில் ஒரு கண் டாக்டர் மாத்திரை கொடுத்தார். மூன்று வாரத்தில் சிவப்பு திரும்பி வந்தது. வியாதி போய்விட்டது என்று நானும் விட்டுவிட்டேன். அது போகவில்லை. இது வந்து போகிற வியாதி என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

வெந்நீர்

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகும்போது, கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண் கூப்பிட்டாள். "அண்ணே, செருப்ப வுட்டுட்டுப் போறீங்க பாருங்க."

இடது கால் செருப்பு இருபதடி பின்னால் கிடந்தது. வெறுங்காலோடு கொதிக்கிற தார் ரோட்டில் நடந்திருக்கிறேன். சூடு தெரியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. இடுப்பைச் சுற்றி வேட்டியை யாரோ இறுக்கிக் கட்டிவிட்ட மாதிரி ஒரு பிடிப்பு. கழுத்தைக் குனிந்தால் முதுகில் ஜிவ்வென்று கரண்ட் இறங்கியது. நான் கரண்டோடு பிழைக்கிறவன், ஷாக் அடிப்பது எனக்குப் புதிதல்ல. ஒயரே இல்லாமல் ஷாக் அடித்ததுதான் புதிது. விரலில் கம்பி ஓடுவது தெரியாமல் சுற்று தவறியது. ஒரே மோட்டாரை மூன்று முறை பிரித்துச் சுற்றினேன்.

அம்மா இதை வாயு என்று முடிவு கட்டிவிட்டாள். நல்லெண்ணெய் காய்ச்சி, இடுப்பிலிருந்து பாதம் வரை தேய்த்துவிட்டு, "நல்லா கொதிக்கக் கொதிக்க ஊத்திக்கோ, வாயு எறங்கிப் போவும்" என்றாள். ஊற்றிக்கொண்டேன். நாலாவது சொம்பில் இரண்டு காலும் என்னுடையதாக இல்லை. அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. கண்ணும் மங்கியது.

கதவை நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தவள் ரேவதி. ஈரத் துண்டோடு என்னைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணெயும் சீயக்காயும் கலந்த தண்ணீரில் இரண்டு பேரும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உடம்பு ஆறியதும் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

"இது வாயு இல்லீங்க. சூட்டுல போவுது, ஆறினா வருது. நாளைக்குப் பாண்டிச்சேரிக்குப் போறோம்" என்றாள். அந்த வியாதியில் சூடுதான் எதிரி என்று பிறகு டாக்டர் சொன்னார். இவள் அதைக் குளியலறைத் தரையிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

செஞ்சியில் இருந்துகொண்டு சூட்டுக்கு எங்கே தப்பிப்பது? வெயில் இறங்கின பிறகும் மலைப்பாறை கக்கிக்கொண்டே இருக்கும். இன்றைக்கும் பங்குனி பிறந்தால் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கடையில் உட்காருகிறேன்.

பெரிய காயில்

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுக்கக் குழாய்க்குள் தள்ளினார்கள். உள்ளே தடதடவென்று சத்தம். பயப்பட வேண்டிய நேரத்தில் என் புத்தி, இதுவும் ஒரு காயில்தானே, யார் சுற்றியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தது. பிறகு முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அன்று முழுக்கத் தலையைத் தூக்க விடவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். மூளையில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். தண்டுவடத்தில் இரண்டு.

"என்ன வேலை செய்றீங்க?"

சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு விளக்கறது சுலபம். கம்பி மேல எனாமல் இருக்குதில்ல? நரம்பு மேலயும் அந்த மாதிரி ஒரு உறை உண்டு. உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே அதை எதிரின்னு நெனைச்சு அரிக்குது. அரிச்ச இடம்தான் இந்த வெள்ளை."

"எனாமல் போன காயில நான் வெட்டிப் போட்டுட்டு வேற சுத்துவேன் மேடம். இங்க எப்படி?"

"முடியாது. மேல மேல அரிக்காம பார்த்துக்கலாம். அதுக்கு மருந்து இருக்கு" என்றார்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள் என்றார். ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏறியது. வாயெல்லாம் இரும்பு ருசி. முகம் ஊதியது. ஆனால் கால் தேறியது. இனி வாரம் ஒரு ஊசி, வருடக்கணக்காக, என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மருந்து வரவழைக்கச் சில வாரம் ஆகும் என்றார்கள்.

பஸ்ஸில் வைத்த பெயர்

திரும்பி வரும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

"இன்னாடா வியாதி? பேரு கேட்டா யாருக்குமே சொல்லத் தெரியல."

எனக்கு வாய் திறக்கவே அலுப்பாக இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நரம்பு தளந்து போச்சும்மா" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மறுநாள் ரேஷன் கடை வரிசையில் அம்மா அதைத் தன் பாணியில் சொல்லிவிட்டாள். "எம் புள்ளைக்கு நரம்புத் தளர்ச்சியாம். கண்ணாலமாயி ரெண்டு வருஷந்தான் ஆவுது."

தமிழ்நாட்டில் பஸ் ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூத்திர சந்து, பாலத்துச் சுவர், மூடிக்கிடக்கும் கடையின் ஷட்டர் என்று ஒன்று விடாமல் நீலத்திலும் மஞ்சளிலும் எழுதியிருப்பார்களே, வாலிபர்களே கவலை வேண்டாம் என்று ஆரம்பித்து, லாட்ஜ் அறை எண் வரைக்கும். அந்த எழுத்தில் பெரிய எழுத்து இதுதான். நரம்புத் தளர்ச்சி. அதற்கு அடுத்த வரியில் இருப்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தனை வருடமும் அந்தச் சுவர்களைக் கடந்து களையெடுக்கப் போய் வந்தவள்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. எந்த மகன் காட்டுவான்?

லேகியம்

கடையில் பேச்சு மாறியது. நான் குனிந்திருக்கும்போது சிரிப்பார்கள், நிமிர்ந்தால் நிறுத்திவிடுவார்கள். ஒருவன் முருங்கைக்கீரை என்றான். இன்னொருவன் பாதாம் பிசின் என்றான். பனமலையிலிருந்து மோட்டார் கொண்டுவந்த ஒரு பெரியவர், யாரும் இல்லாத நேரம் பார்த்து, காகிதத்தில் சுற்றிய லேகிய டப்பாவை என் மேஜையில் வைத்தார். "தம்பி, வெக்கப்படாத. நாப்பத்தெட்டு நாள் சாப்டு" என்றார். அவர் கண்ணில் கேலி இல்லை, உண்மையான இரக்கம். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. டப்பாவைத் தூக்கி எறிய நினைத்தேன். அவர் வயதைப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. காது மூக்கு வைக்க அது போதாதா? செய்தி வல்லம் போய்ச் சேர்ந்தது.

மூன்று வாரம் கடையில் உட்கார்ந்து போனில் என் வியாதியைப் படித்துக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலி, சிறுநீர்க் குழாய், பார்வை போனவர்கள். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை என்றும் எழுதியிருந்தது. அந்த வரிகளை நான் தாண்டிக்கொண்டு போனேன். ரேவதிக்கு இருபத்தாறு வயது. டீச்சர் வேலைக்குப் பரீட்சை எழுதத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

கால் விளங்காமல் போகிற புருஷனை விட்டு வந்தாள் என்றால் ஊர் அவளைத்தான் பேசும். புருஷனே புருஷனாக இல்லை என்று வந்தாள் என்றால், பாவம் பொண்ணு என்பார்கள். அடுத்த தையிலேயே வேறு இடம் பார்ப்பார்கள். ஏழுமலை கேட்ட கேள்வி, அவள் வெளியே போக ஒரு வழியாக எனக்குத் தெரிந்தது.

அதனால்தான் ஆமாம் என்றேன். தியாகம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அதில் பாதிக்கு மேல் பயம். என் கால் விழுந்த பிறகு அவளாக விட்டுப் போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜன்னல் வெளிச்சம்

நான் ஆமாம் என்றதும் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் தரையைப் பார்த்தார். ரேவதி கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தாள்.

"சித்தப்பா, அது பொய்."

"நீ உள்ள போ கண்ணு. பெரியவங்க பேசினு இருக்கோமில்ல" என்றார் ஏழுமலை.

"பேசறது எம் புருஷனப் பத்தி. நான் எங்க உள்ள போறது?" அப்பா பக்கம் திரும்பினாள். "நைனா, புள்ளையத் தள்ளிப் போட்டது நாங்க ரெண்டு பேரும் சேந்து. பரீட்ச முடியட்டும்னு மாத்திர போட்டுக்கினது நான். அட்டை அலமாரிலதான் இருக்குது. எடுத்தாந்து காட்டட்டா?"

ஒரு மகள் தகப்பனிடம் சொல்லக்கூடிய பேச்சில்லை அது. மாமனார் வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். வாசலில் நின்ற என் அம்மாவுக்கு அப்போதுதான் தான் ரேஷன் கடையில் சொன்னது என்ன என்று விளங்கியிருக்க வேண்டும். "அய்யய்யோ" என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரேவதி என்னைப் பார்த்தாள். "நீ ஏன் ஆமான்னு சொன்ன?"

அதுவரை அவள் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

பீரோவுக்குப் பின்னால் இருந்த பெரிய கவரை உருவி, ஸ்கேன் படத்தை எடுத்து, ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள். மூன்று பேரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள்.

"இது இன்னாது?" என்றார் ஏழுமலை.

"மூளை. இந்த வெள்ளை வெள்ளையா இருக்குது பாருங்க, இதான் வியாதி."

"அப்ப கோளாறு மூளையிலதானா?"

"ஆமா."

"அட, மூளையிலதானாப்பா! நாங்க வேற என்னமோன்னு பயந்துட்டோம்" என்று திரும்பிவந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அவர் மேல் கோபம் வரவில்லை. ஊரில் எந்த ஆணைக் கேட்டாலும் அப்படித்தான் நினைப்பான். நானே அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மாமனார் மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை. "இது செரியாயிடுமா?"

"செரியாவாது நைனா. அதிகமாவாம பாத்துக்கலாம். அதுவும் உறுதி இல்ல."

"காலு?"

"போனாலும் போவும். கண்ணும் போலாம். போவாமலும் இருக்கலாம். யாருக்கு எப்பன்னு சொல்ல முடியாதாம்."

"ஒனக்கு இதெல்லாம் மொதல்லேர்ந்தே தெரியுமா?"

"ஆஸ்பத்திரில கூட இருந்தது நான்தான?"

"வா கண்ணு, கொஞ்ச நாள் நம்ம ஊட்ல வந்து இரு" என்றாள் மாமியார். இப்போது அவள் கூப்பிட்டது உண்மையான வியாதிக்காக.

"வரல" என்றாள் ரேவதி.

மாமனார் படத்தை மெதுவாக மடங்காமல் வாங்கி, கவருக்குள் போட்டார். என் அம்மாவிடம், "சோறு இருந்தா போடுங்க" என்றார். அம்மா அழுதுகொண்டே தட்டை எடுத்துவைத்தாள். அவரால் நாலு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்து அழுதார். மகளைக் கூட்டிப் போக வந்தவர், தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அவள் இல்லாமலே மற்ற இருவரோடும் கிளம்பிப் போனார்.

பதினோரு நாள்

அவர்கள் தெருமுனை தாண்டியதும், "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் ரேவதி" என்றேன்.

"எந் நல்லதா? ரெண்டு வருஷம் ஒங்கூட வாழ்ந்தத, அது நடக்கவே இல்லன்னு எங்க நைனா கிட்டயே சொல்லிட்ட. வியாதி ஒன்ன அரிக்குது, அது தெரியாம வந்துது. நீ தெரிஞ்சே என்ன அழிச்சிட்ட."

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தாள். கழுத்துத் துண்டை நனைத்துப் பிழிந்து போட்டாள். மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிவிட்டுப் போனாள். சொல்ல வேண்டியதை அம்மா மூலமாகச் சொன்னாள். ஒரே அறையில் மூன்று பேர் இருந்தோம், பேச்சு மட்டும் சுற்றிக்கொண்டு வந்தது. அம்மா எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ரேஷன் கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

எனக்கு அவள் போகாததில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் அவள் இருந்தது ரோஷத்தினாலா, கடமையினாலா, என் மேல் மிச்சமிருந்த பிரியத்தினாலா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. ரோஷம் என்றால் ஒரு நாள் ஆறிவிடும், ஆறியதும் போய்விடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊசி மருந்து வந்து சேர்ந்திருந்தது. தொடையில் ஆழமாகப் போட வேண்டிய ஊசி அது. அதைப் போடப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் அவளுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். ஸ்பாஞ்சில் குத்திக் குத்திப் பழகியிருந்தாள். மனிதச் சதையில் அதுதான் முதல் தடவை.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லி ஜாடை காட்டினாள். பிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குளிர் போகும்வரை உருட்டினாள். மரத்துப்போன இடது தொடையை விட்டுவிட்டு வலது தொடையைத் தேர்ந்தெடுத்தாள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அவள் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"வலிக்குதா?"

பதினோரு நாளுக்குப் பிறகு நான் கேட்ட குரல். அவள் பயந்துவிடக் கூடாது என்று, "இல்ல" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிஞ்சைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"வலிக்குது ரேவதி" என்றேன். "ரொம்ப வலிக்குது. எனக்குப் பயமா இருக்குது. நீ போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்னு தெரியல."

அவள் மிச்ச மருந்தை ஏற்றி முடித்தாள். ஊசியை உருவினாள். பஞ்சை வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் நின்ற பிறகும் விரலை எடுக்கவில்லை.

"இத அன்னிக்கு எங்க சித்தப்பா கேட்டப்ப சொல்லியிருந்தா இன்னா?" என்றாள்.